சிரிப்பை வெளியூரிலிருந்து வரவழைத்தது போதும்



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பொங்கல் விழாவிலிருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து ஒரு நகைச்சுவை நாடகக் குழுவை வரவழைத்திருந்தோம். பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, சன்மானம் என்று வசூலில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. மண்டபம் நிறைந்து, பின்னால் நின்றுகொண்டும் பார்த்தார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பேத்தி மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, எந்துக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?"

நகைச்சுவை மாம்பலத்தைப் பற்றியது. ரங்கநாதன் தெரு நெரிசல், அங்கே புடவை வாங்கப் போன மாமி, தொலைந்துபோன மாமா. பேத்தி திருப்பதியில் பிறந்தவள். மாம்பலத்தை அவள் ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. நான் விளக்கி முடிப்பதற்குள் மேடையில் இன்னும் மூன்று வெடிகள் வெடித்து ஓய்ந்துவிட்டன. விளக்கிய பிறகு அவள் மரியாதைக்காக ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதைவிடக் கஷ்டமானது பிறகு வந்தது. உள்ளூர் ரசனைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நடிகர் தெலுங்கர்களைக் குறிக்கச் சென்னையில் சிலர் பயன்படுத்தும் அந்த இழிசொல்லைச் சொல்லி ஒரு ஜோக் அடித்தார். மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். என் மருமகள் தெலுங்குப் பெண். அவள் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் ரிப்பனைச் சரிசெய்வதுபோல் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தபோது, "பரவாலேது மாமய்யா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

மறுநாள் மைக் செட்காரருக்குப் பாக்கி கொடுக்கப் போனேன். நல்ல மனிதர். தெலுங்கர், தமிழ் நன்றாகப் புரியும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் விழாக்களுக்கு மைக் கட்டி வருபவர். பணத்தை எண்ணிக்கொண்டே, "மீவாள்ளு பாகா நவ்வாரு சார்" என்றார். உங்களவர்கள் நன்றாகச் சிரித்தார்கள் என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதுவரை அவர் நம்மைப் பற்றி என்னிடம் பேசும்போதெல்லாம் 'மனவாள்ளு' என்றுதான் சொல்வார். அதாவது, நம்மவர்கள். ஒரே ஒரு ஜோக், 'மன'வை 'மீ' ஆக்கிவிட்டது.

அன்றிலிருந்து என் மனத்தில் ஓடும் கேள்விகள் இரண்டு. நம் குழந்தைகளுக்குச் சிரிப்பு வராத ஒரு நகைச்சுவைக்கு நாம் ஏன் இவ்வளவு செலவு செய்கிறோம்? நம் அக்கம்பக்கத்தாரைக் குத்திக்காட்டும் நகைச்சுவைக்கு நம் மேடையை ஏன் கொடுக்கிறோம்?

கட்டியங்காரன் நம் ஊர்க்காரன்

முதலில் நாம் இருக்கும் இடத்தைப் பார்ப்போம். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆற்காட்டின் ஒரு பகுதிதான் இதில் சேர்ந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும், இரண்டு மொழியும் ஒரே தெருவில் குடியிருப்பது மட்டும் மாறவில்லை. நம்மில் சிலர் பல தலைமுறைகளாக இங்கேயே இருப்பவர்கள். மற்றவர்கள் ரேணிகுண்டா ரயில்வேக்கோ, வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கோ, வங்கிக்கோ, அண்மையில் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கோ பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

இந்த மண்ணில் நகைச்சுவைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. சித்தூர்ச் சீமைக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதக் கதை, இரவு முழுவதும் கூத்து. கடைசியில் களிமண்ணால் படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தின் முன் வதம், அதன்பின் தீமிதி. அந்தக் கூத்தில் கட்டியங்காரன் ஒருவன் வருவானே, அவனை நினைத்துப் பாருங்கள். ராஜாவின் வருகையைக் கட்டியம் கூறி அறிவிப்பவனும் அவனே. ராஜாவின் காலை வாரிவிடுபவனும் அவனே. பாரதக் கதைக்கு நடுவில் உள்ளூர் ரேஷன் கடையை இழுப்பான், பிரசிடென்ட்டை இழுப்பான், தன்னையே இழுத்துக்கொள்வான். எல்லைக் கிராமங்களில் தமிழும் தெலுங்கும் அவன் வாயில் கலந்தே வரும். துரியோதனனைத்தான் அவன் கேலி செய்வான். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் தெலுங்குக் கிழவியை அவன் கேலி செய்து யாரும் கேட்டதில்லை.

தெலுங்கர்களின் அஷ்டாவதானத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் எட்டுத் திசையிலிருந்து கேள்வி கேட்க, அவதானி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அந்த எட்டில் ஒருவருக்கு 'அப்ரஸ்துதப் பிரசங்கம்' என்று வேலை. சம்பந்தமே இல்லாமல் குறுக்கே பேசி, அவதானியின் கவனத்தைக் கலைப்பதுதான் அவர் பொறுப்பு. அவதானி கோபப்படாமல், பாட்டின் இழையையும் விடாமல், அந்த நொடியிலேயே சபை சிரிக்கும்படி பதில் கொடுக்க வேண்டும். ஒத்திகை கிடையாது, எழுதி வைத்த வசனமும் கிடையாது. இன்று இளைஞர்கள் 'ஸ்டாண்ட்-அப்' என்று சொல்லும் கலைக்கு வேண்டிய சமயோசிதம் முழுவதும் இதில் இருக்கிறது.

நம் தமிழ் நாடகத்துக்கும் தெலுங்கு நாடகத்துக்கும் உள்ள உறவைப் பலர் மறந்துவிட்டார்கள். 1891-ல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. அதைப் பார்த்துத்தான் பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடக ஆசை பிறந்தது; அதே ஆண்டில் சுகுண விலாச சபை தொடங்கியது. 'சபாபதி' போன்ற சிரிப்பு நாடகங்களை நமக்குக் கொடுத்தவர் அவர்தான். வெளியூரிலிருந்து, அதுவும் வேற்று மொழியில் வந்த ஒரு நாடகம், தமிழ் மேடைக்கு விதை போட்டுவிட்டுப் போனது. வந்தவர்கள் நல்லதை விட்டுச் சென்றார்கள்; பார்த்தவர்கள் அதைத் தங்கள் மண்ணில் வளர்த்தார்கள். வெளியூர்க் கலை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்?

லண்டனில் நடந்தது

இதே நோய்க்கு இன்னொரு ஊரில் மருந்து கண்டுபிடித்தார்கள். அந்த ஊர் லண்டன். கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் போய் வருவோம்.

ஆங்கிலேயரின் மேடை நகைச்சுவை, சாராயக் கடையை ஒட்டிய பாட்டுக் கொட்டகைகளில் வளர்ந்தது. 1852-ல் லண்டன் லாம்பெத் பகுதியில் திறந்த கேன்டர்பரி ஹால் அவற்றில் பெயர் பெற்றது. 'மியூசிக் ஹால்' என்ற இந்த வகைக் கொட்டகைகளில்தான் சார்லி சாப்ளின் தொழில் கற்றார். 1910-ல் பிரெட் கார்னோவின் குழுவோடு அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே குழுவில் இருந்தவர்தான் பின்னாளில் லாரல்-ஹார்டி ஜோடியில் பாதியான ஸ்டான் லாரல். வெளிநாட்டுக்கு ஆடப் போன ஒரு சிரிப்புக் குழுவிலிருந்து உலக சினிமாவுக்கு இரண்டு மேதைகள் கிடைத்தார்கள்.

சினிமாவும் டெலிவிஷனும் வந்த பிறகு அந்தக் கொட்டகைகள் மங்கின. தொழிலாளர் கிளப்புகளில் ஒரு வகை ஹாஸ்யம் மட்டும் மிஞ்சியது. ஒருவர் மைக் முன் நின்று ஜோக்குகளை அடுக்குவார். மாமியார், அயர்லாந்துக்காரன், கறுப்பர், இந்தியர், பாகிஸ்தானியர் என்று இளைத்தவர்களே அந்த ஜோக்குகளில் பெரும்பாலும் அடிபட்டார்கள். புதிதாகக் குடியேறிய நம் நாட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்துதான் இருந்திருப்பார்கள், என் மருமகளைப் போல.

1979 மே மாதம் லண்டன் சோஹோவில் 'காமெடி ஸ்டோர்' திறந்தது. அது இருந்த இடம் கௌரவமானதல்ல. ஒரு நிர்வாண நடன விடுதிக்கு மேலே இருந்த அறை. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். பிடிக்காவிட்டால் ஜனங்கள் கூச்சல் போடுவார்கள், சேகண்டி அடித்து இறக்கிவிடுவார்கள். முதல் தொகுப்பாளர் அலெக்ஸி சேல். அங்கே வந்த இளைஞர்கள் பலர் ஒரு முடிவோடு வந்தார்கள். நிறத்தையும் இனத்தையும் பெண்களையும் குறிவைத்து இனிச் சிரிக்க வைப்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களையும் தங்களையுமே கேலி செய்வது என்பதே அந்த முடிவு. 'இனி உங்களுக்கு ஜோக் அடிக்க விஷயமே இருக்காது' என்று பழைய ஆட்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அதன்பிறகுதான் அந்தக் கலை வளர்ந்தது. ஊருக்கு ஊர் மதுக்கடை மாடியறைகளில் சின்னச் சின்ன மேடைகள் முளைத்தன. எடின்பரோவில் 1947-ல், அழைப்பில்லாமலே வந்த எட்டு நாடகக் குழுக்கள் பெரிய கலைவிழாவின் ஓரத்தில் ஆட ஆரம்பித்த 'ஃபிரிஞ்ச்' விழா, காலப்போக்கில் நகைச்சுவைக்காரர்களின் திருப்பதியாகவே ஆகிவிட்டது. ஆண்டுக்கொருமுறை அங்கே போய்த் தலையைக் காட்டாவிட்டால் அவர்களுக்குத் திருப்தி இல்லை!

இந்த வளர்ச்சிக்குக் காரணமாக நான் காண்பது மூன்று விஷயங்கள். இடம் சிறியது, அதனால் செலவு குறைவு. தோற்றுப்போக அனுமதி இருந்தது, அதனால் புதியவர்கள் துணிந்தார்கள். இளைத்தவனை அடிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது, அதனால் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

இதன் பலன் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? கேலிக்கு ஆளானவர்களின் பிள்ளைகளுக்கே கிடைத்தது. 1996-ல் பி.பி.சி. வானொலியிலும் 1998 முதல் தொலைக்காட்சியிலும் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர்கள் இங்கிலாந்தில் வாழும் இந்திய வம்சாவளியினர். அதில் ஒரு காட்சி: இந்திய நண்பர்கள் கும்பலாக ஓர் 'இங்கிலீஷ் ஓட்டலுக்கு'ப் போய், ஆங்கிலேயர்கள் நம் ஓட்டல்களில் குடித்துவிட்டுச் செய்யும் அட்டகாசங்களை அப்படியே திருப்பிச் செய்வார்கள். ஆங்கிலேயர்களே அதை ரசித்துச் சிரித்தார்கள்.

ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் கிராலி நகரில் 1978-ல் பிறந்தவர் ரமேஷ் ரங்கநாதன். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, பிறகு மேடை நகைச்சுவைக்கு வந்தார். இன்று பிரிட்டனில் எல்லோருக்கும் தெரிந்த முகம். 2015-ல் பி.பி.சி. தொடர் ஒன்றுக்காக இலங்கைக்குப் போய், தன் வேர்களைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாததையே நகைச்சுவையாக்கினார். அவருடைய தாயாரும் அதில் வந்து மகனை வாரினார். 'நம் பிள்ளைகளுக்கு நம் ஊரே தெரியவில்லையே' என்று நாம் புலம்புகிறோம். அவர் அந்தப் புலம்பலை எடுத்து ஒரு நாட்டையே சிரிக்க வைத்துவிட்டார்.

கடல் கடக்கும்போது எது கரை சேருகிறது?

அந்தக் காமெடி ஸ்டோரே 2010-ல் மும்பைக்கு வந்து கிளை திறந்தது. பிரிட்டிஷ் கலைஞர்கள் வந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். அந்தப் பெயர் சில ஆண்டுகளில் மாறிவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் மும்பை, பெங்களூர், சென்னை என்று நம் நாட்டிலும் இளைஞர்கள் மைக் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பல்லாரிக் குழு சென்னைக்கு வந்த கதைதான் இதுவும். 2023-ல் வீர் தாஸ் சர்வதேச எம்மி விருது வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழில், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த அலெக்சாண்டர் பாபு, சினிமாப் பாட்டையும் நகைச்சுவையையும் சேர்த்து நடத்திய நிகழ்ச்சி 2019-ல் அமேசான் பிரைமில் வந்தது. கடல்கடந்த தமிழர்களும் அதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதற்கு முன்பே நம் சபா நாடகங்கள் உலகம் சுற்றியவைதான். சோவின் அரசியல் நையாண்டி, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், 2019-ல் நம்மை விட்டுப் பிரிந்த கிரேஸி மோகன் என்று ஒரு பெரிய வரிசை. பிறகு சாலமன் பாப்பையா, திண்டுக்கல் லியோனி ஆகியோரின் பட்டிமன்றங்கள். சிங்கப்பூரானாலும் டொரன்டோவானாலும் தமிழ்ச் சங்க விழா என்றால் இப்படி ஒரு குழு வராமல் இருக்காது. இவர்களை நான் குறை சொல்லவில்லை. கிரேஸி மோகனின் வசனத்தைக் கேட்டால் எனக்கு இப்போதும் கவலை மறந்துபோகும்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். சாப்ளினின் நகைச்சுவை உடம்பிலேயே இருந்தது. கடலைத் தாண்டினாலும் அதில் எதுவும் குறையவில்லை. வார்த்தையில் இருக்கும் நகைச்சுவைக்கோ மூட்டை முடிச்சு அதிகம். அந்தத் தெரு, அந்த பஸ், அந்த வீட்டுக்காரர், அந்த ஆபீஸ் எல்லாம் கேட்பவன் மனத்தில் முன்பே இருந்தால்தான் சிரிப்பு வரும். முப்பது வயதில் தமிழ்நாட்டை விட்டு வந்த எனக்கு அந்த மூட்டை இருக்கிறது. நான் சிரிக்கும்போது பாதி ஜோக்குக்காகவும் பாதி என் இளமைக்காகவும் சிரிக்கிறேன். என் பேத்திக்கு அந்த மூட்டை கிடையாது. அவளுக்கு வேறு ஒரு மூட்டை இருக்கிறது. அதை அவிழ்க்க நாம்தான் மேடை கொடுக்கவில்லை.

அவசரம் லேது

சென்ற ஆண்டு சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். ஓர் அன்பர் வீட்டு மொட்டை மாடி. மைக் கிடையாது, மேடை கிடையாது. பாயும் ஒரு ஸ்டூலும்தான். பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் தங்கள் வீட்டில் நடந்த வேடிக்கை எதையாவது தமிழில் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பாதியில் மறந்துபோய் அழாத குறையாக இறங்கினார்கள், அவர்களுக்கும் கைதட்டினோம். ஒரு சிறுமி தன் அப்பாவைப்போல் குறட்டை விட்டுக் காட்டினாள். பிறகு ஒரு பையன் எழுந்தான்.

அவன் அப்பா வேலை மாற்றலாகி வந்த புதிதில் வீடு பார்க்கப் போனாராம். வீட்டுக்காரர் தெலுங்கர். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, "அட்வான்ஸ் அவசரம் லேது" என்றாராம். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. அட்வான்ஸே வேண்டாம் என்கிறார் அந்தப் புண்ணியவான். நம் தமிழருக்கு என்ன புரிந்திருக்கும்? 'அவசரமில்லை, மெதுவாகக் கொடுங்கள்' என்று புரிந்தது. பாக்கி வைத்திருக்கிறோமே என்ற வெட்கத்தில், வீட்டுக்காரரைத் தெருவில் பார்த்தாலே இவர் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடுவாராம். வீட்டுக்காரரோ, 'அட்வான்ஸ்கூட வேண்டாம் என்றேன், இந்த அரவாயன முகத்தையே காட்ட மாட்டேன் என்கிறாரே, நான் என்ன தப்புச் செய்தேன்?' என்று தவித்தாராம். ஆறு மாதம் கழித்து இவர் பணத்தைக் கவரில் போட்டு நீட்ட, அவர், "சார், காலி செய்யப் போறீங்களா?" என்று கண் கலங்கினாராம்.

மொட்டை மாடி அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் கொடுத்தது வேறொன்று. என் மருமகளும் பேத்தியும் ஒரே நொடியில் சிரித்தார்கள். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாம்பலத்தில் இந்த ஜோக்கைச் சொன்னால் விளக்க வேண்டும். விஜயவாடாவிலும் விளக்க வேண்டும். விளக்கமே இல்லாமல் இது வெடிப்பது நம் ஊரில்தான். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. இரண்டு மொழியும் சமமாக வழுக்கி விழுகின்றன. இரண்டு மனிதர்களும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

எதிர்ப்புகளும் என் பதிலும்

இதைச் செயற்குழுவில் சொன்னபோது வந்த ஆட்சேபங்களை மறைக்காமல் சொல்கிறேன்.

'திருக்குறள் ஒப்பித்தல் போட்டி இருக்கிறதே, போதாதா?' என்றார் ஒருவர். அந்தப் போட்டி கட்டாயம் தொடர வேண்டும். ஆனால் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அர்த்தம் தெரியாமலும் பரிசு கிடைத்துவிடும். சிரிக்க வைக்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லின் இரண்டு அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும், சித்தப்பா எப்படிப் பேசுவார், பாட்டி எப்படி இழுப்பாள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மொழியின் வாசலைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போனவர்களால்தான் அது முடியும்.

'தெலுங்கு கலந்து பேசினால் தமிழ் கெட்டுவிடாதா?' என்றார் இன்னொருவர். நியாயமான கவலை. கலப்பையே பெருமையாக்கச் சொல்லவில்லை நான். கதையின் ஓட்டம் தமிழில் இருக்கட்டும். பாத்திரம் தெலுங்கர் என்றால் அவர் தெலுங்கில் பேசட்டும். கட்டியங்காரன் செய்ததும் அதுதான். தூய தமிழில் வாயே திறக்காத பிள்ளையைவிட, கலந்தாவது ஐந்து நிமிஷம் தமிழில் பேசும் பிள்ளை தேவலை என்பது என் தாழ்மையான கருத்து.

'அவர்களும்தானே நம்மைச் சாம்பார் என்று கேலி செய்கிறார்கள்?' என்று ஒரு நண்பர் சூடாகவே கேட்டார். செய்கிறார்கள், உண்மை. எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆகவேதான் அந்த வலி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். லண்டனில் அந்தக் கேலிக்கு ஆளானவர்களின் பிள்ளைகள் பதிலுக்குக் கல்லை எறியவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார்கள். அதுதான் நின்றது.

என் யோசனைகள்

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. சில எளிய யோசனைகளை முன்வைக்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தூரில் ஒரு வீடு, திருப்பதியில் ஒரு வீடு. பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளுக்கு ஐந்து நிமிஷம். சொதப்பினால் பரவாயில்லை, அடுத்த மாதமும் வரலாம். நம் ஊரில் சேகண்டி அடித்து இறக்க வேண்டாம்!

சாதி, உடம்பு, நிறம், தாய்மொழி ஆகிய நான்கையும் தொடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. தன்னையே கேலி செய்துகொள்பவருக்கு இரண்டு நிமிஷம் கூடுதல்.

பொங்கல் விழாவில், வெளியூர்க் குழு மேடையேறுவதற்கு முன் அரை மணி நேரம் நம் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். மண்டபம் நிறைந்திருக்கும் நேரத்தில்தான் ஒதுக்க வேண்டும். வரவேற்புரைக்கு முன் காலி நாற்காலிகளுக்கு நடுவில் அல்ல.

வெளியூர்க் குழுவுக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். 'இது தெலுங்கு பேசும் ஊர். எங்கள் மருமகள்களும் மாப்பிள்ளைகளும் சபையில் இருப்பார்கள். தயவுசெய்து அவர்கள் மனம் புண்படாமல் நடத்தித் தாருங்கள்' என்று பணிவாக எழுதலாம். நல்ல கலைஞர்கள் இதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். கூடவே நம் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், அதிலிருந்தே நான்கு நல்ல வெடிகளை அவர்கள் தயார் செய்துவிடுவார்கள்.

இவற்றில் எது முடியும், எது முடியாது என்று அன்பர்கள் இவ்விதழுக்கு எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் மகிழ்ச்சியே. உங்கள் வீட்டில் நடந்த 'அவசரம் லேது' கதைகளையும் அனுப்புங்கள். சிரிப்பதற்கு எங்களுக்கு அவசரம் இருக்கிறது, இரண்டு மொழியிலும்.

அடுத்த விழாவுக்கும் அதே மைக் செட்காரரைத்தான் கூப்பிடப் போகிறேன். ஒயரைக் கட்டி முடித்த பிறகு ஓரத்தில் நிற்க வேண்டாம், முன்வரிசையில் உட்காருங்கள் என்று இந்தமுறை சொல்லப் போகிறேன். மறுநாள் பணம் கொடுக்கப் போகும்போது, 'மனவாள்ளு' என்ற அந்தப் பழைய வார்த்தையை அவர் வாயால் மறுபடி கேட்க வேண்டும் என்பது என் ஆசை.